பதிப்போவியத்தில் ஓர் அறை உருவாகும் விதம்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து நேர் மேலே ஒரு கோடு, இடப்பக்கம் சாய்ந்து கீழே ஒரு கோடு, வலப்பக்கம் சாய்ந்து கீழே ஒரு கோடு. மூன்றே கோடுகள். தாளில் இப்போது ஓர் அறையின் மூலை நிற்கிறது: இரண்டு சுவர், ஒரு தரை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அது புரண்டுகொள்ளும். உள்மூலை மறைந்து, தலைக்கு மேலே தொங்கும் பெட்டி ஒன்றின் வெளிமூலை நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு வரும். கோடுகளில் எதுவும் மாறவில்லை. எது முன்னால், எது பின்னால் என்று கண் எடுத்த முடிவுதான் மாறியது.

அறைகளைக் காட்டும் நவீனப் பதிப்போவியங்களுக்கு அடிப்படை இந்த மூலைதான். மூன்று தளங்கள் சந்திக்கும் இடத்தை ஓவியர் எப்படி நிலைநிறுத்துகிறார், அல்லது வேண்டுமென்றே நிலைகொள்ளவிடாமல் செய்கிறார் என்று கவனிக்கப் பழகிவிட்டால், பதினெட்டாம் நூற்றாண்டுச் சிறைக்கூடப் படத்தையும் இருபதாம் நூற்றாண்டின் தட்டையான ஜன்னல் படத்தையும் ஒரே கண்ணால் படிக்கலாம்.

பதிப்போவியம் என்றால்

ஓவியத்தின் புகைப்பட நகலைப் பலர் பதிப்போவியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. பதிப்போவியத்தில் ஓவியர் தாளின்மேல் நேரடியாக வரைவதில்லை. செம்புத் தகடு, மரக்கட்டை, செதுக்க எளிதான லினோலியம் விரிப்பு (சுருக்கமாக லினோ), சுண்ணாம்புக்கல், திரை இவற்றில் ஏதோ ஒன்றின்மேல் வேலை செய்கிறார். அதில் மை பூசித் தாளில் எடுக்கும் ஒவ்வொரு பிரதியும் மூலப்படைப்புதான். அந்தத் தகட்டைத் தவிர வேறு 'ஒரிஜினல்' எங்கும் கிடையாது.

படத்தின் கீழ் பென்சிலில் 7/40 என்று எழுதியிருந்தால், 40 பிரதிகள் கொண்ட பதிப்பில் இது ஏழாம் எண் பெற்றது என்று பொருள். ஏழாவதாக அச்சானது என்று பொருள் அல்ல; மை உலர்ந்த பிறகு பிரதிகளை அடுக்கி எண்ணிடும்போது வரிசை மாறிவிடும். ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று இருந்தால் ஓவியர் தமக்கென வைத்துக்கொண்ட பிரதி. வழக்கமாக அவை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி போதும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சிறு பூக்களைப்போல் ஒழுங்காகக் கூடியிருந்தால் அது ஆஃப்செட்டில் அச்சிட்ட நகல். எட்சிங் (தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி அச்சிடுவது) என்றால் கோட்டில் மை தாளுக்கு மேலே லேசாகப் புடைத்து நிற்கும்; படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் தெரியும். லினோவிலும் மரவெட்டிலும் வண்ணப்பரப்பின் ஓரத்தில் மை பிதுங்கி மெல்லிய விளிம்பு கட்டியிருக்கும்.

அறை ஏன் தனிச் சிக்கல்

ஒரு கட்டடத்தை வெளியிலிருந்து வரையும்போது அது நமக்கு எதிரே நிற்கும் பொருள். சுற்றிலும் வானம் இருக்கும், எல்லை தெரியும். அறை அப்படியல்ல, பார்ப்பவர் அதற்குள்ளேயே இருக்கிறார். அவருக்குப் பின்னால் உள்ள சுவர் படத்தில் வராது. பக்கத்துச் சுவர்கள் படத்தின் விளிம்பில் வெட்டுப்படும். அந்த வெட்டு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்துத்தான் பார்ப்பவர் அறைக்குள் நிற்பதாக உணர்வார், அல்லது பொம்மை வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதாக உணர்வார். தரை, கூரை, இரு பக்கச் சுவர் நான்கையும் முழுதாகக் காட்ட ஆசைப்பட்டால் கிடைப்பது பெரும்பாலும் பொம்மை வீடுதான்.

இந்தச் சிக்கலுக்குப் பதிப்போவியர்கள் கண்ட வழிகள் பல. மிகப் பழக்கமானது பெர்ஸ்பெக்டிவ்: இணைகோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரு மறைபுள்ளியில் கூடும் முறை. 1435-இல் ஆல்பெர்ட்டி இத்தாலியில் இதை எழுத்தில் விளக்கினார். 1740-களில் ஜப்பானின் ஒகுமுரா மசனொபு, நாடகக் கொட்டகைகளின் உட்புறத்தை இந்த முறையில் மரவெட்டுப் படங்களாக எடுத்தார். உகி-எ என்று அவற்றைச் சொல்வார்கள். அந்த வகைப் படங்களில் கூரைச் சட்டங்களும் மாடங்களும் மறைபுள்ளியை நோக்கி ஓடும். வெளியே தெரியும் தோட்டமோ பழைய ஜப்பானிய முறையிலேயே இருப்பதுண்டு. சட்டங்களும் பலகைகளும் நிறைந்த உட்புறத்துக்குத்தான் புதிய கணக்கு எளிதாகப் பொருந்தியது.

ஏறத்தாழ அதே காலத்தில் ரோமில் பிரானேசி அந்தக் கணக்கைக் குலைத்துக்கொண்டிருந்தார். கற்பனைச் சிறைகள் என்னும் அவருடைய எட்சிங் தொகுதி 1750-ஐ ஒட்டி 14 தகடுகளாக வெளிவந்தது. 1761-இல் அதே தகடுகளை மீண்டும் அமிலத்துக்கு அனுப்பி, கோடுகளை அடர்த்தியாக்கி, படிக்கட்டுகளும் பாலங்களும் சேர்த்து, மொத்தம் 16 தகடுகளாக வெளியிட்டார். இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தொடக்கநிலையில் இருப்பவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம். முதலாவதில் காற்று ஓடுகிறது, இரண்டாவதில் அறை மூடிக்கொள்கிறது. ஒரு வளைவு தூணுக்கு முன்னால் தொடங்கிப் பின்னால் போய் முடியும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு மூலையும் சரியாகவே நிற்கும். ஒன்றோடொன்று மட்டும் ஒத்துவராது. முடிவில்லாத அறை என்ற உணர்வு அங்கிருந்து வருகிறது.

டச்சுப் பதிப்போவியர் எஷர் 1953-இல் எடுத்த 'ரிலேட்டிவிட்டி' லித்தோகிராஃபில் (கல்லிலோ தகட்டிலோ எண்ணெய்ப்பசையுள்ள கிரையானால் வரைந்து அச்சிடும் முறை) மூன்று வெவ்வேறு ஈர்ப்புத் திசைகள் ஒரே கட்டடத்தில் வாழ்கின்றன. ஒருவருக்குத் தரையாக இருப்பது இன்னொருவருக்குச் சுவர். பிரானேசியிடம் இல்லாத துல்லியம் இதில் உண்டு: கோடுகளில் பிழையே இல்லை, பெர்ஸ்பெக்டிவ் முழுமையாக ஒழுங்கானது. 'கீழே' எது என்பதை மட்டும் மூன்றாகப் பிரித்துவிட்டார்.

பெர்ஸ்பெக்டிவே வேண்டாம் என்பது இன்னொரு வழி. ஜோசப் ஆல்பர்ஸ் 1942-இல் 'கிராஃபிக் டெக்டானிக்' என்ற துத்தநாகத் தகட்டு லித்தோகிராஃப் தொடரில் நேர்கோடுகளை மட்டும் பயன்படுத்தினார். கோடுகளின் தடிமனையும் நெருக்கத்தையும் மாற்றியதிலேயே உள்ளே போகும் கூடமும் வெளியே நீட்டும் மேடையும் மாறிமாறித் தெரியும்.

ஜரீனா ஹஷ்மி எடுத்துக்கொண்டது தரைப்படம். 1937-இல் அலிகாரில் பிறந்து, கணிதம் படித்து, பிறகு பாரிசில் பதிப்போவியர் ஹேட்டரின் பட்டறையில் எட்சிங் கற்றவர். 1994-இல் தந்தையின் வீட்டை மேலிருந்து பார்க்கும் பிளானாக, அறைப்பெயர்களை உருதுவில் எழுதி, எட்சிங்காக எடுத்தார். 1997-இல் தாம் வாழ்ந்த வீடுகளை ஒன்பது எட்சிங்குகளில் அதேபோல் தரைப்படங்களாக வைத்தார். இதில் கண்மட்டம் இல்லை, வெளிச்சம் இல்லை, மூலைகளும் வெறும் செங்கோணங்கள்தான். ஆனாலும் எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்று விரலால் தொடர்ந்து செல்லும்போது அந்த வீட்டுக்குள் நடக்கிறோம். பெர்ஸ்பெக்டிவ் ஒரு கணத்தில் ஓரிடத்தில் நின்று பார்த்ததைக் காட்டும். தரைப்படம் பல ஆண்டுகள் புழங்கிய நினைவைத் தாங்கும். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் அறை என்பதன் பொருளுக்கு இன்னும் அருகில் இருப்பதாகப் படுகிறது.

ஓர் அறையைக் கணக்கோடு போட்டுப் பார்ப்போம்

பெர்ஸ்பெக்டிவைக் கண்ணளவில் போடுவதால் வரும் பிழைகள் அச்சில் பெரிதாகத் தெரியும். பென்சிலில் அழித்துத் திருத்தலாம், செதுக்கிய லினோவில் அது முடியாது. ஆகவே ஒருமுறையாவது அளந்து போட வேண்டும்.

4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், 6 மீட்டர் ஆழம் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவர் அறையின் முன்வாயிலிலிருந்து 4 மீட்டர் பின்னால் நிற்கிறார், கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படச்சட்டம் 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். அதாவது முன்பக்கத்தில் 1 மீட்டருக்கு 5 செ.மீ.

கீழ்விளிம்பிலிருந்து 7.5 செ.மீ. உயரத்தில் கண்மட்டக் கோடு போடுங்கள். அதன்மேல் இடவிளிம்பிலிருந்து 8 செ.மீ. தள்ளி மறைபுள்ளி. சரி நடுவில், 10 செ.மீ.யில் வைத்தால் இரு சுவரும் ஒரே அகலமாகிப் படம் அசைவில்லாமல் போய்விடும். சட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு இழுங்கள். பின்சுவர் முன்பக்கத்தைவிட இரண்டரை மடங்கு தூரத்தில் இருப்பதால் (4 மீட்டர், பிறகு 10 மீட்டர்) அதன் அளவு 8 செ.மீ. × 6 செ.மீ. இடவிளிம்பிலிருந்து 4.8 செ.மீ.யில் தொடங்கி 12.8-இல் முடியும், கீழேயிருந்து 4.5-இல் தொடங்கி 10.5-இல் முடியும். நான்கு கோடுகளுக்குள் அது சரியாக உட்கார்ந்தால் கணக்கு சரி.

இனித் தரை. கீழ்விளிம்பைச் சட்டத்துக்கு வெளியே வலப்பக்கம் இன்னும் 10 செ.மீ. நீட்டி, 5 செ.மீ. இடைவெளியில் பிரித்து மறைபுள்ளிக்கு இழுங்கள். இவை நீளவாட்டுக் கோடுகள். குறுக்குக் கோடுகள் எந்த இடத்தில் வரும்? பெரும்பாலான தொடக்கப் பிழைகள் இங்கேதான். கண்மட்டக் கோட்டிலேயே, மறைபுள்ளிக்கு வலப்பக்கம் 20 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அது சட்டத்துக்கு 8 செ.மீ. வெளியே விழும். பார்ப்பவர் நிற்கும் 4 மீட்டர் தூரம்தான் இந்த 20 செ.மீ. கீழ் இடமூலையிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு போடுங்கள். நீளவாட்டுக் கோடுகளை அது வெட்டும் இடமெல்லாம் 1 மீட்டர், 2 மீட்டர் என்று ஆழத்தைக் காட்டும். கீழிருந்து குறுக்குக் கோடுகளின் உயரம் முறையே 1.5, 2.5, 3.2, 3.75, 4.2, 4.5 செ.மீ. என வரும். இடைவெளி முதலில் வேகமாகக் குறைந்து பிறகு மெதுவாகக் குறைவதைப் பாருங்கள். கண்ணளவில் போடுபவர்கள் எல்லா இடைவெளியையும் சீராகக் குறைத்துவிடுவார்கள். அப்போது தரை நடுவில் பள்ளமாகவோ மேடாகவோ வளைந்து தெரியும், காரணம் பிடிபடாது.

இன்னொன்று. இந்தப் படம் வடிவக்கணக்கின்படி முழுச்சரியாகத் தெரியக் கண் தாளிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் யாரும் படம் பார்ப்பதில்லை. அரை மீட்டரிலிருந்து பார்க்கும்போது அறை உண்மையைவிட நீளமாகத் தோன்றும். வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் பார்ப்பவரை இன்னும் பின்னால் நிறுத்திக் கணக்கைத் தொடங்க வேண்டும். பெரிய அளவுப் பதிப்போவியங்கள் ஆளை உள்ளே இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: நாம் இயல்பாக நிற்கும் தூரமும் படம் கேட்கும் தூரமும் அங்கே நெருங்கிவிடுகின்றன.

வெளிச்சம் தான் சுவர்களைப் பிரிக்கிறது

கோடுகள் சரியாக அமைந்தும் அறை தட்டையாகவே இருந்தால், குறை நிறத்தின் அழுத்தத்தில், அதாவது எது எவ்வளவு வெளிர், எவ்வளவு இருட்டு என்பதில் இருக்கிறது.

நம் அறையின் இடச்சுவரில் ஒரு ஜன்னல் வைப்போம். எந்தச் சுவர் மிக வெளிச்சம்? புதிதாக வரைபவர்கள் ஜன்னல் இருக்கும் சுவரை வெளுப்பாக விடுவார்கள். உண்மையில் அந்தச் சுவர்தான் மிக இருட்டு, ஏனென்றால் வெளிச்சம் அதன்மேல் விழவில்லை, அதன் துளை வழியாக வருகிறது. எதிரே உள்ள வலச்சுவர் மிக வெளிச்சம். தரை அதற்கடுத்தது. பின்சுவர் நடுத்தரம். தரையிலிருந்து எதிரொளி பெறும் கூரையும் ஏறத்தாழ அதே நிலை. ஜன்னல் திறப்பும் தரையில் விழும் வெயில் கட்டமும் தாளின் வெண்மையாகவே விடப்படும். மை எதுவும் தர முடியாத வெளிச்சம் அது.

வெயில் கட்டத்துக்கும் விதி உண்டு. ஜன்னலின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் அறையின் ஆழத்தை நோக்கி ஓடுபவை. அவை தரையில் உண்டாக்கும் ஒளியெல்லைகளும் அதே மறைபுள்ளியை நோக்கியே போகும். மற்ற இரு எல்லைகள் சூரியன் இருக்கும் திசையைப் பொறுத்து, கண்மட்டக் கோட்டில் வேறொரு புள்ளிக்குப் போகும். இதைக் கவனிக்காமல் ஏதோ ஒரு சாய்சதுரம் போட்டால், வெயில் தரையில் படுக்காது. பலகை மாதிரி எழுந்து நிற்கும்.

அழுத்தம் சரியாகப் பிரிந்துவிட்டால் மூலையில் கோடே வேண்டாம். இருட்டுச் சுவர் முடியும் இடத்தில் வெளிச்சச் சுவர் தொடங்குகிறது, அவ்வளவுதான். எல்லா மூலைக்கும் கறுப்புக்கோடு போட்டு அடைப்பதே அறைப்படங்களை மிக அதிகம் கெடுக்கும் பழக்கம். ஆனால் அதையே ஓவியர் ஒரு முடிவாக எடுத்தால் கதை மாறும். பாட்ரிக் காஃபீல்ட் 1971-இல் ஓர் உட்புறக் காட்சியைக் காலை, நண்பகல், மாலை, இரவு என்று நான்கு ஸ்கிரீன் பிரிண்டுகளாக (திரை வழியாக மையைத் தள்ளி அச்சிடுவது) எடுத்தார். நான்கிலும் அதே ஜன்னல், அதே கோடு. தட்டையான வண்ணம் மட்டும் மாறுகிறது. நிழலே இல்லை. இருந்தும் வேளை மாறுவது துல்லியமாகத் தெரியும்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு சுவர்

அறையைக் காட்ட எந்த அச்சுமுறை என்பது, அந்த அறையின் காற்று எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி. எட்சிங் கோட்டால் கட்டும். நிழலுக்குக் கோடுகளை நெருக்கிக் குறுக்கே பின்ன வேண்டும், சுவரில் ஓர் அசைவு எப்போதும் இருந்துகொண்டிருக்கும். லித்தோகிராஃப் கிரையான் தடத்தை அப்படியே எடுப்பதால் மெல்ல மங்கும் நிழல் எளிது. மெஸ்ஸோடின்ட் தலைகீழாக நடக்கும்: தகடு முழுவதையும் பல்வைத்த கருவியால் சொரசொரப்பாக்கினால் முழுக்கறுப்பாக அச்சாகும், தேய்த்துத் தேய்த்து வெளிச்சத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒற்றை விளக்கு எரியும் அறைக்கு அதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. மையே இல்லாமல் தகட்டை அழுத்தி எடுக்கும் புடைப்பில், தாளிலேயே உண்மையான மூலை உருவாகும், அரை மில்லிமீட்டர் ஆழத்தில். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் அது.

அக்வாடின்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோடு இல்லாத சுவரை எட்சிங் தகட்டில் பெற அதுதான் வழி. ஜேம்ஸ் டரெல் அறை மூலைகளில் ஒளியைப் பாய்ச்சி, அங்கே திடப்பொருள் மிதப்பதுபோல் காட்டியவர். அந்த ஒளிவடிவங்களை 1989–90-இல் 'ஃபர்ஸ்ட் லைட்' என்ற 20 அக்வாடின்ட் படங்களாக எடுத்தார். சுற்றிலும் ஆழ்ந்த இருள், நடுவில் ஒரு வெளிச்ச வடிவம். அந்த வெளிச்சம் தாளின் வெண்மைதான். இருளை மட்டுமே தகடு தருகிறது.

செய்முறை இது. எண்ணெய்ப்பசை நீக்கிய செம்புத் தகட்டின்மேல் நுண்ணிய குங்கிலியத் தூளைப் படியவைக்க வேண்டும். பரப்பில் ஏறத்தாழ பாதியை மூடும் அளவு. தகட்டை அடியிலிருந்து சூடாக்கினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொண்டு கண்ணாடிபோல் மின்னும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மேலும் சூடாக்கினால் துகள்கள் ஒன்றாகக் கலந்து, அமிலம் நுழைய இடமில்லாமல் சுவர் வெளுத்துப்போகும். பிறகு, வெள்ளையாக இருக்க வேண்டிய ஜன்னலை வார்னிஷால் மூடி, செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். வெளியே எடுத்து, கழுவி, உலர்த்தி, மிக வெளிச்சமான சுவரை மூட வேண்டும். மறுபடி கரைசல், அடுத்த சுவர். நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது வழக்கம்: மொத்தம் 30 விநாடி, 1 நிமிடம், 2, 4, 8 நிமிடம். ஒரே அளவில் நேரத்தைக் கூட்டினால் இருண்ட சுவர்களுக்குள் வேறுபாடு தெரியாமல் போய்விடும். கரைசலின் சூடும் வயதும் பலனை மாற்றும் என்பதால் சிறு துண்டுச் செம்பில் சோதனைப் பட்டை எடுக்காமல் நல்ல தகட்டைத் தொடக்கூடாது.

குங்கிலியத் தூள் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். காற்றில் பறக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். மூடிய பெட்டியும் தூசிதடுக்கும் முகக்கவசமும் கட்டாயம், தூள் அடங்கிய பிறகே அடுப்பு. செம்புக்கான கரைசலில் அலுமினியத்தைப் போடவே கூடாது, கடுமையாகச் சூடேறிப் பொங்கும். செம்பு கலந்த பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் வேதிக்கழிவாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அச்செடுக்கும்போது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, மேல்நீர் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். தாள் காய்ந்திருந்தால் இருண்ட சுவரில் வெள்ளைப் பொட்டுகள் விழும். நீர் நின்றால் மை விலகிக் கறை படியும். தகட்டின் மேல்மையைத் துணியால் துடைக்கும்போது மிக மெல்லிய படலம் ஒன்றை விட்டுவைத்தால் அறைக்குள் காற்று நிறைந்ததுபோல் வரும். முழுக்கத் துடைத்துவிட்டால் ஜன்னல் பளிச்சென்று வரும், அறை வெறுமையாகும். இரண்டும் சரிதான், ஆனால் 40 பிரதியிலும் ஒரேமாதிரி துடைக்க வேண்டும், கஷ்டம் அதில்தான்.

முதல் முயற்சிக்கு லினோ

அமிலமும் பெரிய பிரஸ்ஸும் இல்லாமல் தொடங்க, ஒரே லினோ துண்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் முறை ஏற்றது. 20 × 15 செ.மீ. லினோ, சுமார் 3 மி.மீ. தடிமன். தாள் 30 × 25 செ.மீ.; நாற்புறமும் 5 செ.மீ. ஓரம் கிடைக்கும். 20 நல்ல பிரதி வேண்டுமென்றால் 27 தாளில் தொடங்குங்கள். இந்த முறையில் பின்னால் போக வழியில்லை, பாதியில் கெடும் தாளுக்கு மாற்று எடுக்க முடியாது.

மேலே போட்ட வரைபடத்தை லினோவில் இடவலம் மாற்றிப் பதிக்க வேண்டும். ஜன்னல் கட்டையில் வலப்பக்கம் இருந்தால்தான் தாளில் இடப்பக்கம் வரும். டிரேசிங் தாளைப் புரட்டிப்போட்டுத் தேய்த்தால் முடிந்தது. ஸ்கிரீன் பிரிண்டுக்கு இந்தப் புரட்டல் தேவையில்லை, படம் நேராகவே விழும்.

முதலில் ஜன்னல் திறப்பையும் வெயில் கட்டத்தையும் செதுக்கி எடுத்துவிட்டு, 27 தாளிலும் வெளிர்சாம்பல் அச்சிடுங்கள். அடுத்து வலச்சுவரையும் தரையையும் செதுக்கி எடுங்கள். அவை வெளிர்சாம்பலாகவே நிற்கும். மீதியின்மேல் நடுச்சாம்பல். பிறகு பின்சுவரும் கூரையும் போய்விடும். கட்டையில் கடைசியாக எஞ்சுவது ஜன்னல் சுவரும், அறையில் ஒரு நாற்காலியோ கதவோ வைத்திருந்தால் அதுவும்தான். அடர்கறுப்பை அதன்மேல் அச்சிட்டால் அறை எழுந்து நின்றுவிடும். தாளின் வெண்மையோடு சேர்த்து நான்கே அழுத்தங்கள், ஒரு கோடுகூட இல்லை.

எண்ணெய் மை என்றால் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரு நாளாவது, ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாளாவது விடுங்கள். கீழ்மை பிசுபிசுப்பாக இருக்கும்போது அடுத்ததை அழுத்தினால் அது மையை உரித்து எடுத்துவிடும், சுவரில் சொறி விழுந்ததுபோல் ஆகும். உருளையில் மை சரியான அளவு இருந்தால் பலகையில் உருட்டும்போது மெல்லிய சரசரப்பு கேட்கும். சளக் சளக் என்று கேட்டால் மை அதிகம். நாற்காலிக் கால் போன்ற மெல்லிய இடங்கள் அடைந்துபோகும்.

எல்லாவற்றையும்விட மூலையைக் கெடுப்பது தாள் விலகுவது. வேறு படத்தில் அரை மில்லிமீட்டர் விலகல் பெரிதாகத் தெரியாது. அறைப்படத்தில் இரு சுவரும் சந்திக்கும் இடத்தில் ஒரு வெளிர்கீற்று எட்டிப்பார்க்கும், கண் அதைச் சுவருக்கு நடுவே வெளிச்சம் கசியும் பிளவு என்று படிக்கும். பின்சுவர் கழன்று முன்னால் வந்துவிடும். அட்டையில் எல் வடிவத் தடுப்பு ஒட்டி, கட்டையையும் தாளின் ஒரே இரண்டு ஓரங்களையும் எல்லா அடுக்கிலும் அதிலேயே முட்டவைத்தால் போதும். தாளின் எந்த ஓரம் தடுப்பில் முட்டியது என்று பின்பக்கம் பென்சிலில் குறித்துவிடுங்கள். கையால் கிழித்த ஓரமுள்ள தாள் பார்க்க அழகு, ஆனால் இதற்கு உதவாது. தனித்தனிக் கட்டைகளில் வண்ணம் பிரிக்கிறீர்கள் என்றால், வெளிர்நிறப் பரப்பை அடர்நிறத்தின் கீழே ஒரு மில்லிமீட்டர் நீட்டிவிடுங்கள். விலகல் அதற்குள் மறைந்துவிடும்.

சுவரில் மாட்டும்போது

படத்தின் நடுப்பகுதியைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவில் வைப்பது பொது வழக்கம். அறைப்படத்துக்குக் கொஞ்சம் மாற்றிச் செய்யலாம்: படத்துக்குள் இருக்கும் கண்மட்டக் கோடு எங்கே என்று கண்டுபிடித்து, அதை உங்கள் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். படத்தின் தரையும் நீங்கள் நிற்கும் தரையும் அப்போது ஒன்றோடொன்று பேசும். தரைப்பட வகைக்கு இது பொருந்தாது. அதைத் தாழ்வாக, குனிந்து பார்க்கும்படி வைத்தால்கூட நன்றாக இருக்கும்.

தாளும் கண்ணாடியும் ஒட்டக்கூடாது. அமிலமற்ற அட்டைச் சட்டம் நடுவே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் கோத்து மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இருண்ட அறைகளைக் காட்டும் அக்வாடின்ட், மெஸ்ஸோடின்ட் படங்களை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். அந்தக் கறுப்பில் உங்கள் அறையின் ஜன்னல் பிரதிபலிக்கும், படத்தின் இருட்டுச் சுவரில் இல்லாத ஒரு திறப்பு உண்டாகிவிடும். ஜன்னல் இருக்கும் அதே சுவரில், அதற்குப் பக்கத்தில் மாட்டினால் அந்தப் பிரதிபலிப்பு விழாது. நேர்வெயிலும் படாது.